பெட்ரோல் பங்க்கில் நிலத்தடி நீரைக் கண்காணிப்பது எப்படி?

கொங்குப் பகுதியில் பல இடங்களில் மண் சில அடிதான். அதற்குக் கீழே சரளை, அப்புறம் வெடிப்பு ஓடிய பாறை. தொட்டியிலோ பைப் லைன் இணைப்பிலோ கசியும் பெட்ரோல் தண்ணீர் மட்டம் வரை இறங்கி அதன் மேல் மிதக்கும். அதிலுள்ள பென்சீன் என்ற நச்சு கரைந்து தண்ணீரோடு போகும். குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மூக்குக்கு வாசம் எட்டும்போது அதைப்போல நூறு மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். மோந்து பார்த்து முடிவு கட்டக் கூடாது.

குறைந்தது 3 கண்காணிப்புக் குழாய்கள் வேண்டும், முக்கோணமாக. மூன்றின் நீர்மட்டமும் தெரிந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணிக்கலாம். ஒன்று தண்ணீர் தொட்டியை நோக்கி வரும் பக்கம், இரண்டு தொட்டியைக் கடந்து போகும் பக்கம். பைப் லைன் வரைபடத்தைப் பார்த்து, முதல் 5 அடியைக் கையால் தோண்டிய பிறகே ரிக் வண்டியை நிறுத்துங்கள்.

ரிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இது தண்ணீருக்குப் போடும் போர் அல்ல. 800, 1000 அடி இறக்கிப் பழகியவர்கள் அவர்கள். இங்கே கோடைக்கால நீர்மட்டத்துக்குக் கீழே 10 முதல் 15 அடியோடு நிறுத்த வேண்டும். மேலும் போனால் ஆழத்து வெடிப்புகளுக்கு, ஊர் குடிக்கும் தண்ணீருக்கு, நாமே கசிவை இறக்கிவிட்டதாகும். பாறையை உடைக்கும் ஹேமருக்கு விடும் எண்ணெயும் ஆய்வில் பெட்ரோலியமாகத் தெரியும்; அதில் ஒரு சிறு பாட்டில் எடுத்து வைத்தால் பிறகு ஒப்பிட உதவும்.

2 அங்குல பிவிசி குழாய் போதும். பசை போட்டு ஒட்டாமல் மரை இணைப்பாக வாங்குங்கள், பசையின் கரைப்பான் ஆய்வுக்கு எடுக்கும் தண்ணீர் மாதிரியில் கலந்துவிடும். தண்ணீர் உள்ளே வரக் குழாயில் கீறல் போட்ட பகுதி மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலேயும் நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிதக்கும் பெட்ரோல் குழாய்க்குள் வராமல் வெளியே நிற்கும், உள்ளே சுத்தமாகத் தெரியும். சுற்றிலும் பருமணல், அதன்மேல் 2 அடி பென்டோனைட் (ஈரத்தில் உப்பி அடைத்துக்கொள்ளும் களிமண்), மேலே சிமென்ட், பூட்டுள்ள மூடி.

மட்டம் எடுக்க, தொட்டியை அளக்கும் டிப் ராடில் தடவும், பட்டதும் நிறம் மாறும் பெட்ரோல் பேஸ்ட்டையும் தண்ணீர் பேஸ்ட்டையும் இரும்பு டேப்பில் தடவி இறக்கலாம். பெட்ரோல் 42.0 அடியிலும் தண்ணீர் 42.4 அடியிலும் தெரிந்தால் மிதக்கும் பெட்ரோல் படலம் 0.4 அடி. அதை 0.75-ஆல் (தண்ணீரோடு ஒப்பிட்ட பெட்ரோலின் அடர்த்தி) பெருக்கி 42.4-இலிருந்து கழித்தால் 42.1 அடி, அதுதான் உண்மை நீர்மட்டம். டீசலானால் 0.85. பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து, மூன்று குழாய்களிலும் ஒரே மூச்சில் அளந்து முடியுங்கள்.

படலம் இருக்கும் குழாயில் மாதிரி எடுக்க வேண்டாம், அளவு போதும். மற்றவற்றில் நிற்கும் தண்ணீரைப் போல 3 மடங்கு இறைத்த பிறகே எடுக்க வேண்டும். 2 அங்குலக் குழாயில் அடிக்கு சுமார் 0.6 லிட்டர், 12 அடி தண்ணீருக்கு 3 மடங்கும் சேர்த்து 22 லிட்டர் வரும். அதை டிரம்மில் பிடியுங்கள், சாக்கடையில் விடாதீர்கள். நம் ஊர் வழக்கப்படி கம்ப்ரசர் வைத்து மட்டும் இறைக்கவே கூடாது: காற்றோடு பென்சீனும் பறந்துபோய், கெட்ட தண்ணீர் நல்ல தண்ணீராகத் தெரியும்.

40 மில்லி கண்ணாடிக் குப்பியைக் குமிழியின்றி நிரப்பி, கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பொதுவாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் 14 நாள் தாங்கும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த நம் பக்கத்துத் தண்ணீர் அமிலம் பட்டதும் பொங்கிக் குமிழி விடலாம். அப்படியானால் அமிலமில்லாமல் எடுத்து, ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, 7 நாளுக்குள் ஆய்வை முடிக்கச் சொல்லுங்கள்.

3 மாதத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் சித்திரை வைகாசியும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகும் தவறக் கூடாது. மட்டம் ஏறும்போது பெட்ரோல் பாறை இடுக்கில் நீருக்கடியில் சிக்கிக்கொள்ளும். மழைக்குப் பின் படலம் காணாமல் போனதால் கசிவு தீர்ந்ததாக எண்ண வேண்டாம்.

அக்கம்பக்கக் கிணறுகளையும் பாருங்கள். வெடிப்பு போகும் திசையில்தான் பெட்ரோல் போகும். அருகிலுள்ள கிணறு தப்பி, 300 அடி தள்ளியுள்ளது கெடலாம். தண்ணீர்மேல் வானவில் நிறம் தெரிந்தால் குச்சியால் கலைக்கவும்: துண்டு துண்டாக உடைந்தால் இரும்புப் பாக்டீரியா, மறுபடி சேர்ந்தால் எண்ணெய். வாசமும் அடித்தால் மோட்டார் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ தொடாதீர்கள், தீப்பொறி போதும். கிணற்றடியிலிருந்து தள்ளியுள்ள மெயினில் மின்சாரத்தை நிறுத்துங்கள். யாரையும் உள்ளே இறங்க விடாதீர்கள்.