டிரெட்மில் நின்றால் முதலில் வீடியோ எடுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் டிரெட்மில் திடீரென்று நின்று, திரையில் ஓர் எழுத்தும் எண்ணும் மின்னுகிறதா? கருகல் வாடை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் அணைப்பதற்கு முன் அந்தக் குறியீட்டைப் போனில் வீடியோ எடுங்கள். மெக்கானிக் வரும் நாளில் மட்டும் மெஷின் சமர்த்தாக ஓடும். எங்கள் வீட்டில் இரண்டு முறை அப்படித்தான் ஆனது.

புகார் சொல்வதற்கு முன், பாதுகாப்புச் சாவி (உடையில் மாட்டும் கயிற்றோடு இருக்கும், கழன்றால் மெஷின் நின்றுவிடும்) சரியாக ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அடுத்தது பெல்ட். பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் தடவிப் பாருங்கள். விரலில் பிசுக்கே இல்லையென்றால் எண்ணெய் வற்றிவிட்டது. கையேட்டில் சொன்ன சிலிகான் எண்ணெய் மட்டும் போடுங்கள். சமையல் எண்ணெய், கிரீஸ் எல்லாம் வேண்டாம். காய்ந்த பெல்ட் உராய்ந்தால் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும், கடைசியில் கன்ட்ரோல் போர்டு போகும். பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால் பின்னால் இருக்கும் இடது போல்ட்டைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று திருப்புங்கள், அவ்வளவுதான்.

வாரண்டிக்கு வருவோம். மோட்டாருக்குப் பல ஆண்டுகள் என்று பெரிய எழுத்தில் இருக்கும். போர்டு, பெல்ட், மெக்கானிக் கூலி ஆகியவற்றின் காலம் பெரும்பாலும் குறைவு. அதைத்தான் படிக்க வேண்டும். மோட்டார் மூடியை நீங்களே திறந்தால் சில நிறுவனங்கள் கைவிரித்துவிடும். பில் எழுத்து மங்குவதற்குள் அதையும் சீரியல் எண் ஸ்டிக்கரையும் படமெடுத்து வையுங்கள்.