சிறிய சபையில் மாற்றத்தை நடத்துவதும் சோர்விலிருந்து எழுவதும்

ஐம்பது பேர் கூடும் சபையில் ஒரு குடும்பம் முகம் வாடி உட்கார்ந்திருந்தால், ஆராதனை முடியும் வரை அது போதகரின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இத்தகைய சபையில் மாற்றம் கமிட்டியின் தீர்மானத்தால் நடப்பதைவிட உறவுகளின் வழியாகவே நடக்கிறது. போதகரின் சோர்வும் பெரும்பாலும் அதே உறவுகளின் வழியாகவே வருகிறது. மாற்றத்தைத் தனியாகச் சுமக்கிற போதகர்தான் விரைவில் தளர்ந்துபோகிறார் என்பதால், இவ்விரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

பேசுவதற்கு முன் பார்க்க வேண்டும். எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகரச் சுவரை, மீண்டும் கட்ட வந்த வேதாகமத் தலைவர் நெகேமியா அங்கே மூன்று நாள் தங்கியபின், இராத்திரியில் சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு இடிந்த அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். அதுவரை தம் நோக்கத்தை ஆசாரியருக்கோ அதிகாரிகளுக்கோ சொல்லவில்லை. புதிதாகப் பொறுப்பேற்ற போதகர் முதல் வருடத்தில் ஆராதனை முறைமையில் கைவைக்காமல், வீடு வீடாகச் சென்று, இந்தச் சபை எப்படித் தொடங்கியது, எந்தக் காரியத்தில் மனக்கசப்பு உண்டானது, எதைக் குறித்து இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள் என்று கேட்டறிவது நல்லது. அவசரமாகத் திருத்தியே ஆக வேண்டிய காரியங்கள் உண்டு. பணக் கணக்கில் ஒழுங்கின்மையும் பிள்ளைகளின் பாதுகாப்பில் அசட்டையும் அப்படிப்பட்டவை. அவற்றுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது.

பாட்டு எண்களை எழுதிவைக்கும் மரப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் பாடல் வரிகளைக் காட்டத் தொடங்கினால் பலகை தேவையில்லை என்பது சரியான கணக்குதான். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் எல்லாருக்கும் முன்பாக வந்து, சாக்பீஸை எடுத்து, அந்த எண்களைத் திருத்தமாக எழுதும் ஒரு முதியவர் இருப்பார். சபையில் அவருக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஐந்து நிமிட ஊழியம் மட்டுமாக இருக்கலாம். திரையை எதிர்ப்பவராக அவர் தோன்றினாலும், உண்மையில் அவர் தமக்கு இனி இங்கே இடமுண்டா என்றுதான் கேட்கிறார். பலகையை இறக்குவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய், அவர் மனதாரச் செய்யக்கூடிய வேறொரு பொறுப்பைப் பேசி முடிவு செய்யுங்கள். எந்த மாற்றத்தை யோசித்தாலும், இதனால் யார் எதை இழக்கிறார் என்று ஒரு தாளில் பெயர் பெயராக எழுதிப் பார்ப்பதே போதகர் செய்யவேண்டிய முதல் வேலை.

அதன்பின் மூப்பர்களிடம் ஒவ்வொருவராகப் பேசுங்கள். கமிட்டிக் கூட்டத்தில்தான் ஒருவர் அந்த யோசனையை முதன்முதலாகக் கேட்கிறார் என்ற நிலை வரக்கூடாது. ஒரு சமயத்தில் ஒரே மாற்றம் போதும். அதையும் மூன்று மாதம் செய்து பார்த்து, சபையாரின் கருத்தைக் கேட்டு முடிவெடுப்போம் என்று தேதியோடு அறிவித்தால், தயங்குகிறவர்களுக்கும் அது பொறுத்துக்கொள்ளக்கூடியதாகிறது. குறித்த தேதியில் நிச்சயமாகக் கேளுங்கள். கேட்காமல் விட்டால் அடுத்த முறை உங்கள் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள்.

நெகேமியா நடத்திய அலங்க வேலை 52 நாளில் முடிந்தது என்பதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் சுவர் பாதி உயரம் எழும்பியிருந்த காலத்தில்தான், சுமைகாரரின் பெலன் குறைந்துவிட்டது, மண்மேடு இன்னும் மிச்சமாயிருக்கிறது என்று யூதா மனிதர் சொன்னார்கள். தொடக்கத்தின் உற்சாகம் தீர்ந்து, பலன் இன்னும் கண்ணுக்குத் தெரியாத நடுக்காலம் எல்லா மாற்றத்திலும் வரும். வந்தால் அழைப்பு பொய்த்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் என்ன செய்வது? சூரைச்செடியின் கீழ் சாகவேண்டுமென்று கோரிய தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது புத்திமதி அல்ல, அடையும் தண்ணீரும். அவர் சாப்பிட்டு, திரும்பவும் படுத்து, மறுபடியும் எழுப்பப்பட்டுச் சாப்பிட்டார். பிறகு ஓரேப் மலையில்தான் தேவனோடு உரையாடல் தொடங்குகிறது. தமக்குப் பின் தீர்க்கதரிசியாக எலிசாவை அபிஷேகம்பண்ணும் கட்டளையும், பொய்த்தெய்வமான பாகாலை வணங்காமல் மீதியாயிருக்கும் 7,000 பேரைப் பற்றிய செய்தியும் அங்கேதான் வருகின்றன. இந்த வரிசை போதகர்களுக்கு மிகவும் உதவக்கூடியது: தூக்கம், ஆகாரம், பிறகு பேச்சு, பிறகு துணை. ஞாயிறு இரவின் களைப்பில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். எந்தப் பெரிய முடிவையும் இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகே எடுங்கள். உங்கள் சபையைச் சாராத, சொன்னதை வெளியே சொல்லாத இன்னொரு போதகரோடு மாதம் ஒருமுறையாவது மனம்விட்டுப் பேசி ஜெபிக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்தார். அவருடைய ஊழியத்தின் முதல் இந்து விசுவாசியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். ஆண்டு அறிக்கையில் வருகைப் பதிவை மட்டும் எழுதியிருந்தால் அந்த ஏழு ஆண்டுகள் வெறுமையாகவே தெரிந்திருக்கும். ஆகவே தனியாக ஒரு குறிப்பேடு வைத்து, முதல்முறை வாய்திறந்து ஜெபித்தவர், பேச்சுவார்த்தை இல்லாதிருந்து மீண்டும் ஒப்புரவான சகோதரர்கள், வியாதிப்படுக்கையில் சபையார் தாங்கிய குடும்பம் என்று எழுதிவாருங்கள். ஒரு குடும்பம் சபையைவிட்டுப் போனால், வேலை மாற்றத்தால் போனார்களா, மனத்தாங்கலால் போனார்களா என்பதையும் அதில் பிரித்து எழுதுங்கள். எல்லா இழப்பையும் உங்கள்மேல் போட்டுக்கொள்வது உண்மையும் அல்ல, தாழ்மையும் அல்ல.

இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமற்ற நிலை நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக விரும்பும் எண்ணம் வந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். அதை விசுவாசக் குறைவென்று யாராவது சொன்னால், அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். மூப்பர்களும் தங்கள் பங்குக்குப் போதகரின் வாராந்தர ஓய்வு நாளையும் ஆண்டு விடுமுறையையும் கமிட்டிக் குறிப்பேட்டில் பதிவு செய்து, அந்த நாட்களில் பிரசங்கிக்கவும் வீடுகளைச் சந்திக்கவும் இருவரையாவது பயிற்றுவித்து நியமிக்க வேண்டும்.