சோற்றைக் கொஞ்சம் தள்ளி மீனைக் கூட்டுங்கள்: புரதத்தை வைத்துப் பசியை அடக்குவது எப்படி?

திருகோணமலையில் மீனுக்குக் குறைவில்லை. ஆனாலும் நம் வீடுகளில் மத்தியானத் தட்டைப் பார்த்தால் சோறு குவிந்திருக்கும், மீன் ஒரு சின்னத் துண்டு ஓரத்தில் கிடக்கும், பருப்பு சோற்றை நனைப்பதோடு சரி. பின்னேரம் நாலு மணிக்கு வயிறு கூப்பிடும். கடற்கரைப் பக்கம் போனால் இறால் வடை, கடைக்குப் போனால் றோல்ஸ். உடம்பு ஏறுகிறது என்று கவலைப்படுகிறவர்கள் அனேகமாக இந்த நாலு மணியில்தான் வழுக்குகிறார்கள். அதைச் சரிசெய்ய மத்தியானத்திலும் காலையிலும் கை வைக்க வேண்டும்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது?

புரதம் செரிக்கும்போது குடற்சுவரிலுள்ள கலங்கள் ஜிஎல்பி-1, பிவைவை, சிசிகே என்ற ஹோர்மோன்களை விடுகின்றன. 'போதும்' என்ற செய்தி மூளைக்குப் போவது இவற்றால். இரைப்பையில் சுரந்து பசியைக் கிளப்பும் கிரெலின் அந்நேரம் குறைகிறது. எடை குறைக்க இப்போது போடுகிற ஊசிகள் சிலவும் ஜிஎல்பி-1 வேலையைத்தான் செய்கின்றன. அதற்காக இரண்டு முட்டை சாப்பிட்டால் ஊசி போட்ட மாதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இரண்டுக்கும் வீரியம் எட்டாத தூரம்.

இன்னொரு லாபமும் உண்டு. சாப்பாட்டைச் செரித்துப் பயன்படுத்தவே உடம்பு சக்தி செலவழிக்கிறது. புரதத்தில் கிடைக்கும் 100 கலோரியில் 20 முதல் 30 வரை இப்படியே போய்விடும். மாச்சத்தில் 5 முதல் 10, கொழுப்பில் 3க்கு மேல் போகாது.

ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ரௌபன்ஹைமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். வெட்டுக்கிளிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். உடம்பு முதலில் தேடுவது புரதத்தின் அளவை. சாப்பாட்டில் அது ஐதாக இருந்தால், அந்த அளவு கிடைக்கும்வரை மற்றதையும் சேர்த்து அதிகம் சாப்பிட வைக்கும் என்பது அவர்கள் சொன்னது. 2011இல் வெளிவந்த ஆய்வில் சிட்னியில் 22 பேரை வைத்துப் பார்த்தார்கள். கலோரியில் 10 சதவீதம் மட்டும் புரதமாக இருந்த சாப்பாட்டில், 15 சதவீதம் இருந்ததைவிட 12 சதவீதம் அதிகமாகச் சாப்பிட்டார்கள். கூடுதல் பெரும்பாலும் நொறுக்குத்தீனியில் போனது. நம்முடைய நாலு மணிப் பசி ஞாபகம் வருகிறதா? புரதத்தை 25 சதவீதமாக ஏற்றியபோது, 15 சதவீதத்தைவிட அவர்கள் குறைத்துச் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆக, குறைவாக இருப்பதை நிரப்பினால் பலன் தெரியும், அளவுக்கு மேலே கொட்டினால் பலன் அதே வேகத்தில் ஏறாது.

படி 1: உங்கள் கணக்கைப் போடுங்கள்

உடல்நலமுள்ள பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 60 கிலோ என்றால் 50 கிராம். எடை குறைக்கும் காலத்தில் 1.2 கிராம் வரை போகலாம், அப்படியென்றால் 72 கிராம். கலோரி குறையும்போது தசை கரையாமல் பார்த்துக்கொள்ளவும் இந்தக் கூடுதல் உதவும். எடை மிக அதிகமாக உள்ளவர்கள் இப்போதைய எடையை வைத்துப் பெருக்க வேண்டாம், அடைய நினைக்கும் எடையை வையுங்கள்.

படி 2: காலைச் சாப்பாட்டில் தொடங்குங்கள்

இதுதான் முக்கியமான படி. இடியப்பம் ஆறு, சொதி, சம்பல். மாவில் ஐந்து ஆறு கிராம் புரதம், சொதியிலும் சம்பலிலும் ஒன்று இரண்டு. எட்டுக் கிராமைத் தாண்டாது. புட்டும் அப்படித்தான். பாணில் கொஞ்சம் கூட இருக்கும், ஆனால் மாஜரீனையும் சம்பலையும் வைத்துச் சாப்பிடுவதால் கொழுப்பும் சேர்ந்து ஏறும்.

இங்கே ஒன்றைச் சேர்த்தால், இன்னொன்றைக் குறைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கூட்டினால் எடையும் கூடும். ஆறு இடியப்பத்தை நாலாக்குங்கள். இரண்டு அவித்த முட்டை, 12 கிராம். அல்லது அவித்த கௌபி ஒரு கிண்ணம், 150 கிராம் வைத்தால் 11 கிராம் வரும். முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் உப்புப் போட்டு அவித்து, கொஞ்சம் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தூவினால் கறியே தேவையில்லை. அவித்த பயறும் கடலையும் இதே வேலையைச் செய்யும். முதல் நாள் மீன் குழம்பு சட்டியில் மிச்சமிருந்தால் அதைவிட நல்லது, பழைய குழம்பின் ருசி எல்லோருக்கும் தெரியும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு பிடிப்பவர்களுக்கும் சஹரில் (விடியுமுன் சாப்பிடும் சாப்பாட்டில்) இதே கணக்குத்தான். முட்டை, பருப்பு, தயிர் என்று ஏதாவதொன்று இருக்கட்டும். வெறும் சோற்றைக் கூட்டுவதை விட இது பரவாயில்லை.

படி 3: மத்தியானம், மீன் துண்டைப் பாருங்கள்

சமைத்த மீன், உங்கள் உள்ளங்கை அளவும் தடிப்பும் உள்ள ஒரு துண்டு, 20 கிராம் புரதம் தரும். சூரை, அறக்குளா என்று வாங்கினால் ஒன்று போதும். சூடை, கீரி போன்ற சின்ன மீன் என்றால் நாலைந்து வைக்க வேண்டும். விலையும் குறைவு, முள்ளோடு சாப்பிட முடிந்தால் கல்சியமும் கிடைக்கும். சந்தையில் "அண்ணை, சூடை என்ன விலை?" என்று கேட்டால், "இன்னும் குறையும், பத்து மணிக்கு வாங்கோ தங்கச்சி" என்று மீன்காரர் சொல்வதும் நடக்கும். அவரைக் கேட்டே நடந்துகொள்ளுங்கள்.

சோறு 100 கிராமில் 130 கலோரியும் மூன்று கிராமுக்குக் குறைவான புரதமும். சராசரித் தட்டில் 400 கிராம் வரை போய்விடும். அதை 300 ஆக்குங்கள். அகப்பையில் ஒன்று குறைத்தால் ஏறக்குறைய சரியாகும். பருப்புக் கறியைக் கெட்டியாக வையுங்கள். தண்ணீராகக் கரைத்துப் பாலும் ஊற்றிய பருப்பில் புரதம் இருப்பதைப் போலத் தோன்றும், அளந்து பார்த்தால் மூன்று நாலு கிராமோடு நின்றுவிடும். கெட்டிப் பருப்பு 100 கிராம், 9 கிராம்.

மீன் பொரியலைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் குடித்த மீனில் புரதம் அப்படியே இருக்கும், கலோரிதான் இரட்டிப்பாகலாம். வாரத்தில் ஒரு நாள் பொரியுங்கள், மற்ற நாள் குழம்பு, அல்லது கல்லில் சுடுங்கள். கருவாட்டில் புரதம் அதிகம், உப்பு அதைவிட அதிகம். பிரஷர் உள்ளவர்களுக்கு அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமையும் விரத நாளும் வந்தால்? கடலைக் கறி, கௌபி, சோயா மீட். சோயா மீட் காய்ந்த நிலையில் பாதி எடை புரதம்; ஊறிய பிறகு தண்ணீர் ஏறிவிடும் என்பதால் காய்ந்த நிறையை வைத்தே கணக்குப் பாருங்கள். 40 கிராம் என்றால் 20 கிராம் புரதம். அப்புறம் எருமைத் தயிர் ஒரு கிண்ணம், சீனி, பாணி இல்லாமல். அது கடினம்தான், தெரிகிறது.

படி 4: நாலு மணியை முன்கூட்டியே பிடியுங்கள்

அவித்த கடலை ஒரு கைப்பிடி, அல்லது ஒரு முட்டை, வீட்டிலேயே வைத்திருங்கள். தேத்தண்ணியில் சீனியையும் எண்ணுங்கள். இரண்டு கரண்டி வீதம் நாளுக்கு மூன்று கோப்பை குடித்தால் ஏறக்குறைய 100 கலோரி, புரதம் பூஜ்யம். டப்பாவில் வரும் புரதப் பவுடர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: மீனும் பயறும் கிடைக்கும் ஊரில் அவசியமில்லை, பெரும்பாலும் செலவுதான்.

படி 5: எடை பார்க்கும் முறை

வாரத்தில் ஒருமுறை, காலையில், சாப்பிடும் முன். முதல் வாரத்தில் சட்டென்று இறங்குவது பெரும்பாலும் தண்ணீர், சந்தோஷப்படுங்கள், நம்பிவிடாதீர்கள். பசியையும் ஒரு தாளில் எழுதுங்கள்: நாலு மணிக்கு எவ்வளவு பசித்தது, ஒன்றிலிருந்து பத்துக்குள். எடையைவிட அது முன்னால் மாறும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 19 பேருக்குக் கலோரியில் 30 சதவீதம் புரதம் கொடுத்து, பசிக்கு ஏற்றபடி சாப்பிட விட்டார்கள். நாளுக்குச் சராசரி 441 கலோரி தாமாகவே குறைந்தது, 12 வாரத்தில் 4.9 கிலோ இறங்கியது. நல்ல செய்தி. ஆனால் 2009இல் வெளிவந்த, 811 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், புரதம் 15 சதவீதம் சாப்பிட்டவர்களுக்கும் 25 சதவீதம் சாப்பிட்டவர்களுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆட்கள் தொடர்ந்து கடைப்பிடிக்கவில்லை என்பது அதில் ஒரு காரணம். அதனால்தான் மேலே சொன்னவை எல்லாம் உங்கள் வீட்டுச் சட்டியிலிருந்தே எடுத்தவை.

யார் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும்?

சிறுநீரக நோய் உள்ளவர்கள் தாமாகப் புரதத்தைக் கூட்டக் கூடாது. வட மத்திய மாகாணத்தையும் நம் மாவட்டத்தின் பதவி சிறிபுரப் பகுதியையும் சிறுநீரக நோய் எவ்வளவு பாதித்திருக்கிறது என்பது தெரிந்ததே. நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள் சோற்றைக் குறைத்தால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். கவுட் (யூரிக் அமிலம் கூடி வரும் மூட்டு நோய்) உள்ளவர்களுக்கு நெத்தலி, சூடை ஒத்துவராது, முட்டையும் தயிரும் பாதுகாப்பு. கர்ப்பிணிகள் எடை குறைக்கும் வேலையை இப்போது தொடங்க வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.