கேமிங் பிசி வாங்கப் போய் நாம் சொதப்பும் இடங்கள்

பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரம் ஒரு தடவை, தீபாவளி போனஸ் வரும் வாரம் ஒரு தடவை, ஆக வருஷத்துக்கு இரண்டு சீசன் எனக்கு. "அண்ணே, ஒரு கேமிங் பிசி பாத்து வச்சிருக்கேன், நல்லதான்னு மட்டும் சொல்லுங்க" என்று போன் வரும். நான் கடை வைத்திருப்பவன் இல்லை. சொந்தக்காரப் பையன்களுக்கும் தெருப் பையன்களுக்கும் அசெம்பிள் செய்து கொடுத்துக் கொடுத்தே பத்திருபது பெட்டி ஆகிவிட்டது, அவ்வளவுதான். அப்படித்தான் மேலூரிலிருந்து சித்தி மகன் கூப்பிட்டான். "ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ், எல்லாம் சேத்து இருபத்திரண்டாயிரம்ண்ணே." எஸ்எம்பிஎஸ் என்றால் சுவர்க் கரண்டை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கும் பவர் பெட்டி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த ஐ7 பிராசசருக்குப் பின்னால் என்ன நம்பர்டா போட்டிருக்கு என்று கேட்டேன். பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டு "3770" என்றான். கிராபிக்ஸ் கார்டு? "ஜிடி 730."

அதோடு அந்தப் பெட்டியின் கதை முடிந்தது.

ஐ7 3770 வெளிவந்தது 2012-ல். நாலு கோர் (உள்ளே வேலை செய்யும் மூளை), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் இழுக்கும் வேலை). 2022-ல் வந்த ஐ3 12100-க்கும் அதே நாலு கோர், எட்டு திரெட்தான், ஆனால் கோருக்குக் கோர் ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் யார் அண்ணன், யார் தம்பி என்று சொல்வதற்கு மட்டும்தான். தாத்தா காலத்து அண்ணனை இந்தக் காலத்துத் தம்பியோடு ஓடவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை, ஏழு ஐந்தைவிடப் பெரிசு என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. "குறுக்கு வழியில 11 போட்டுத் தர்றேன் தம்பி" என்று விற்பவர் சொல்வார். போட்டும் தருவார். வீட்டுக்கு வந்து வேலரண்ட் கேமைத் திறந்தால் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கும்.

கிராபிக்ஸ் கார்டில் இதே ஏமாற்று "ஜிபி" என்ற பெயரில் நடக்கிறது. 4 ஜிபி மெமரி இருக்கிறது என்பது மொட்டை மாடியில் பெரிய தண்ணீர் டேங்க் இருக்கிறது என்பது மாதிரி, கீழே வரும் பைப் எத்தனை இஞ்ச் என்பதைச் சொல்லாது. டிடிஆர்3 மெமரி போட்ட ஜிடி 730 நொடிக்கு 30 ஜிபி கூடக் கடத்தாது. ஆர்டிஎக்ஸ் 3060-ன் 12 ஜிபி கார்டு 360 ஜிபி கடத்துகிறது. ஜிடி 1030 இன்னும் மோசமான கதை. ஒரே பெயரில் இரண்டு கார்டு விற்கிறார்கள், ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 உள்ளது 17 ஜிபி கூட இல்லை, பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதோ 1030 மட்டும்.

அதனால் நான் எல்லாப் பையன்களுக்கும் சொல்வது ஒன்றுதான்: பெயரைக் கடைசி எழுத்து வரை படி. உங்களை ஏமாற்றுவது முன்னால் இருக்கும் பெரிய எண் மட்டும் இல்லை, வாலும்தான். ஐ5 12400-க்கும் 12400எஃப்-க்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் எஃப் போட்டதில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு வாங்குகிறவரை திரை கறுப்புதான். "கார்டை அடுத்த மாசம் வாங்கிக்கிறேன், இப்போதைக்கு பிசியைப் போட்டுருவோம்" என்று எஃப் வாங்கி வந்து ஒரு மாசம் பொம்மை மாதிரி மேஜையில் வைத்திருந்தவனை எனக்குத் தெரியும். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600-ம் 5600ஜி-யும் அண்ணன் தம்பி இல்லை, வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். ஜி-யில் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, ஆனால் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான குட்டி மெமரி) 16 எம்பிதான், மற்றதில் 32. தனிக் கார்டு போடப் போகிறவர் ஜி வாங்கினால் காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். ஆர்டிஎக்ஸ் 3050-ல் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு. மெமரி மட்டும் குறைவு என்று நினைக்காதீர்கள், 2024-ல் வந்த 6 ஜிபி கார்டில் கோரும் குறைவு, மெமரிக்குப் போகும் பாதையும் குறுகல். அதற்காக அது கெட்ட கார்டு இல்லை, 70 வாட்டில் ஓடும், பெரும்பாலான மாடலுக்குத் தனிப் பவர் வயரே வேண்டாம், பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற முடியாதவருக்கு அதுதான் கைகொடுக்கும். எது உங்களுடையது என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 தேடினால் பெயருக்குப் பின்னால் 2048எஸ்பி என்று ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது வேகம் குறைந்த 570-க்குப் போட்ட புதுச் சட்டை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போர்டோடு பேசுவது நாலே லேனில் (தரவு போகும் பாதையில்), கார்டு செருகும் ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0 வகையாக உள்ள போர்டில் செருகினால் வேகம் கண்ணுக்குத் தெரியவே விழும்.

சரி, எந்தக் கார்டு என்று முடிவு செய்வதற்கு முன் உங்கள் மானிட்டர் என்ன என்று பாருங்கள். இதை யாருமே முதலில் பார்ப்பதில்லை, காசு மிஞ்சினால் மானிட்டர் என்று கடைசியில் வைக்கிறார்கள். 1080பி திரையில் கார்டு ஒவ்வொரு தடவையும் வரைய வேண்டியது சுமார் 20.7 லட்சம் புள்ளி. 1440பி என்றால் 36.9 லட்சம், 4கே என்றால் 82.9 லட்சம். வீட்டில் இருப்பது ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கிய 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர் என்றால், கடன் வாங்கிப் பெரிய கார்டு போட்டாலும் அந்தத் திரை நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. வேலரண்ட், சிஎஸ் 2 (கவுண்டர்-ஸ்ட்ரைக் 2) மட்டும் ஆடுகிறவருக்கு நடுத்தரக் கார்டும் நல்ல பிராசசரும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் போதும். கதை உள்ள பெரிய கேம் ஆடுகிறவருக்குக் கணக்கு வேறு, அவர் கார்டில்தான் பணத்தைக் கொட்ட வேண்டும், அதிலும் 8 ஜிபி மெமரிக்குக் கீழே போகக் கூடாது.

இப்போது எஸ்எம்பிஎஸ். இதில் நானே அடிபட்டவன். முதல் பெட்டி போட்டபோது கேபினட்டோடு இலவசமாக ஒன்று வந்தது, 450 வாட் என்று ஸ்டிக்கர், எனக்கு ஒரே சந்தோஷம். எட்டு மாசத்தில் ஒருநாள் ராத்திரி பட்டென்று சத்தம், அப்புறம் பட்டாசு வாசனை, போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம்தான் பக்கவாட்டு லேபிளைப் படித்தேன். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட் லைனில். அந்த லைனுக்கு நேராக 16 ஆம்ப் என்று போட்டிருந்தது. பன்னிரண்டை பதினாறால் பெருக்கினால் 192 வாட். மிச்சமெல்லாம் கேமுக்கு உதவாத மற்ற லைன்களில் கணக்குக் காட்டியது. ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றே 170 வாட் கேட்கும், பிராசசருக்கு இன்னொரு நூறு வையுங்கள், தாங்குமா? கடையில் நின்று இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பாருங்கள், ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற முத்திரை நல்லதுதான், ஆனால் அது சுவரிலிருந்து இழுக்கும் கரண்டில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான சான்று, பாதி லோடில் 85 சதவீதம் என்ற மாதிரி. பாதுகாப்புக்கோ ஆயுளுக்கோ அது உத்தரவாதம் இல்லை, அதற்கு வாரண்டி எத்தனை வருஷம் என்று பாருங்கள், ஐந்து வருஷம் தருகிறவன் கொஞ்சம் யோசித்துத்தான் தருவான். இன்னொன்று, கழற்றி மாட்டும் வயர் உள்ள எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய வயரை அப்படியே புதுசில் செருகிவிடாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கும், ஹார்ட் டிஸ்க் போய்விடும்.

நம் ஊர்க் கரண்டைப் பற்றி யூடியூபில் யாரும் சொல்ல மாட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போவது பரவாயில்லை, முன்கூட்டியே தெரியும். மே மாச ராத்திரி தெரு முழுக்க ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்குவதும், ஊர்ப்பக்கம் பம்பு செட் மோட்டார் போட்டதும் லைட் மங்குவதும்தான் பெட்டியைத் தின்பது. யுபிஎஸ் வாங்கும்போது 600 விஏ என்பதை 600 வாட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கமான 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டும் பிராசசரும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும், யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு அதுவும் படுத்துவிடும், யுபிஎஸ் இருந்தும் இல்லாத மாதிரி. 1000 விஏ பக்கம் போங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவா (வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை தருவதா) என்று கேளுங்கள், பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் முரண்டு பிடிக்கலாம். கேபினட்டில் கை பட்டதும் சுர்ரென்று அடிக்கிறதென்றால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை, பெரும்பாலும் உங்கள் பிளக்கில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மூணு பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் வாங்கி ஒப்பேற்றாதீர்கள்.

சூடும் அப்படித்தான். யூடியூபில் கார்டு 68 டிகிரியில் ஓடுகிறது என்று காட்டுகிறவர் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார். மதுரையில் ஏப்ரல், மே மாசம் வெளியே 40 டிகிரி, மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை ராத்திரி பத்து மணிக்கும் அடுப்படிதான். அறை பத்து டிகிரி ஏறினால் பெட்டிக்குள்ளும் ஏறக்குறைய அந்தப் பத்து ஏறும். என்விடியா கார்டுகள் பலவும் 83 டிகிரி வாக்கில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் திக்கும், நீங்கள் கார்டு சரியில்லை என்று திட்டுவீர்கள். முன்பக்கம் முழுக் கண்ணாடி, உள்ளே ஏழு கலர் லைட் என்று சித்திரைத் திருவிழா கணக்காக ஜொலிக்கும் கேபினட் பார்க்க அழகு, காத்து எந்த வழியாக உள்ளே போகும்? முன்னால் வலை உள்ளது வாங்குங்கள், முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. தூசி அதிகம் வரும்தான், மாசம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் துடைக்க வேண்டும். கம்ப்யூட்டர் டேபிளின் அடிக் கபோர்டுக்குள் பெட்டியை வைத்துக் கதவைச் சாத்துகிற வழக்கம் ஆபீஸ் பிசிக்குச் சரி, இதற்கு வேண்டாம். அப்புறம், கூலருக்கு அடியில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மாட்டுங்கள். சிரிக்காதீர்கள், மூன்று பெட்டியில் பார்த்திருக்கிறேன்.

ராமில் 16 ஜிபி ஒரே குச்சியைவிட 8 ஜிபி இரண்டு மேல், இரண்டு சேனலில் ஓடும், அதாவது பிராசசருக்குப் போக இரண்டு பாதை. 2025 கடைசியில் ஏஐ சர்வருக்கு மெமரி போகப் போக ராம் விலை எகிறியதிலிருந்து "இப்ப ஒண்ணு, அப்புறம் ஒண்ணு" என்று வாங்குகிறார்கள், காசு இல்லையென்றால் தப்பில்லை, ஆனால் அந்த 'அப்புறம்' வர வேண்டும். நாலு ஸ்லாட் போர்டில் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடுங்கள். பயாஸில் (பிசி ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருளில்) எக்ஸ்எம்பி என்ற, ராமை முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை ஆன் செய்யாவிட்டால் 3200 ராம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய பெட்டியை அப்கிரேடு செய்கிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு சோதனை செய்யலாம். கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) தாவி ஏறினால் மாற்ற வேண்டியது கார்டு. அசையவே இல்லையென்றால் பிராசசர்தான் இழுக்கிறது, எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அதே கதைதான். பி450 மாதிரி ஏஎம்4 (ரைசன் பிராசசர் உட்காரும் சாக்கெட்) போர்டு வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள், பயாஸ் அப்டேட் செய்துவிட்டு ரைசன் 5600 போட்டுக்கொள்ளலாம். ஆனால் அப்டேட்டைப் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டும், கழற்றி விற்றுவிட்டு அப்புறம் செய்யலாம் என்றால் திரையே வராது. ஆபீஸ்களிலிருந்து கழித்து வரும் பிராண்டட் பெட்டியை மலிவாக வாங்கி கார்டு செருகலாம் என்று கிளம்புகிறவர்கள், உள்ளே திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பலவற்றில் எஸ்எம்பிஎஸ் கனெக்டரே வேறு மாதிரி, சின்னப் பெட்டியில் முழு உயரக் கார்டு நுழையவும் நுழையாது.

சென்னை ரிச்சி தெருவில் ரெண்டாயிரம் குறைவு என்று ராத்திரி பஸ் ஏறிப் போய் வாங்கி வருகிறவர்கள் உண்டு. போய் வாருங்கள், ஆனால் சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் கார்டைக் கையில் வாங்காதீர்கள். "பில் வேணாம்னா 18 சதவீதம் குறைச்சுக்கிறேன்" என்பது தள்ளுபடி இல்லை, வாரண்டியை நீங்கள் அவருக்கு விற்கிற விலை.

சித்தி மகன் கடைசியில் அந்த ஐ7-ஐ விட்டுவிட்டு, மூன்று மாசம் பொறுத்து, ஐ5 12400-ம் செகண்ட் ஹேண்ட் 3060-ம் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் சேர்த்துவிட்டான். நான் போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்து போன். "அண்ணே, வீட்ட வெள்ளையடிச்சாங்க, எல்லாத்தையும் கழட்டி மாட்டுனேன், இப்ப கேம் திக்கித் திக்கி ஓடுது, கார்டு போயிருச்சு போலண்ணே." பெட்டிக்குப் பின்னால் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மானிட்டர் வயரைக் கார்டில் செருகாமல் மேலே மதர்போர்டில் செருகியிருந்தான், 3060 சும்மா லைட் எரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. மாற்றிச் செருகச் சொல்லிவிட்டு, சந்தேகத்துக்கு டிஸ்ப்ளே செட்டிங்கையும் திறக்கச் சொன்னேன். அதில் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது.