பொம்மை அம்பாசடரை நிஜ ரோட்ல நிறுத்துறது எப்படி (போன் போதும், போட்டோஷாப் வேண்டாம்)

பொம்மை காரை தரையில வச்சு, போனையும் தரையோட தரையா சாய்ச்சு ஒரு போட்டோ எடுத்துட்டு "பாருங்க நிஜ கார் மாதிரியே இருக்குல்ல"ன்னு ஸ்டேட்டஸ் போடுறவங்க நிறைய பேர் இருக்காங்க. இல்லைங்க, நிஜ கார் மாதிரி இல்ல. காருக்குப் பின்னாடி இருக்குற கேட்டு ராட்சசன் வீட்டு கேட்டு மாதிரி நிக்குது, ஓரமா போற நாய் யானை சைஸுல தெரியுது. தப்பு பொம்மை மேலயும் இல்ல, கேமரா மேலயும் இல்ல, கேமரா இருக்குற உயரத்துல இருக்கு. இங்க நான் சொல்லப்போறது பெரும்பாலும் அந்த ஒரு விஷயத்தைத்தான், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம் தானா வரும்.

முதல்ல அடிப்படை. கேமராவுக்கு ஒத்தைக் கண்ணு. எது பக்கத்துல இருக்கு எது தூரத்துல இருக்குன்னு அதுக்குத் தெரியாது, படத்துல எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு மட்டும்தான் தெரியும். அதனால ஒரு பொருள் நிஜத்தைவிட 36 மடங்கு சின்னதா இருந்து, 36 மடங்கு பக்கத்துல இருந்துச்சுன்னா படத்துல நிஜப் பொருள் அளவுக்கே வந்து நிக்கும். மொத்த வித்தையும் இந்த ஒரு வகுத்தல் கணக்குதான்.

இதை ஒரு கலையாவே செஞ்சவர் அமெரிக்காவுல மைக்கேல் பால் ஸ்மித்னு ஒருத்தர், 2018-ல இறந்துட்டார். எல்ஜின் பார்க்னு ஒரு இல்லாத ஊரை உருவாக்கி, 1:24 அளவு (நிஜத்தைவிட 24 மடங்கு சின்ன) பழங்கால மாடல் கார்களை ஒரு மேஜை மேல அடுக்கி, அந்த மேஜையை வெளியில தூக்கிட்டுப் போய், பின்னாடி நிஜ மரமும் நிஜ வீடும் வர்ற மாதிரி வச்சு எடுப்பார். பார்த்தா 1950கள்ல யாரோ தெருவுல நின்னு எடுத்த மாதிரியே இருக்கும். அவர்கிட்ட இருந்தது சாதாரண பாயிண்ட் அண்ட் ஷூட் கேமராதான், ரெண்டு படத்தை வெட்டி ஒட்டுற வேலையெல்லாம் கிடையாது. பெரிய கேமரா இல்லாததே அவருக்கு எப்படி வசதியா அமைஞ்சுதுன்னு ஃபோகஸ் பத்தி பேசும்போது சொல்றேன்.

சரி, உங்க பொம்மை எத்தனை மடங்கு சின்னதுன்னு கண்டுபிடிங்க. மாய்ஸ்டோ, புராகோ மாதிரி டைகாஸ்ட் (உலோகத்துல வார்த்த) காருன்னா பெட்டி மேலயே 1:18, 1:24னு போட்டிருக்கும். போடலைன்னா ஸ்கேல் எடுத்து நீளத்தை அளந்து, நிஜ வண்டியோட நீளத்தை அதால வகுத்துடுங்க. நிஜ அம்பாசடர் நீளம் சுமார் 4.3 மீட்டர், கையில இருக்குற பொம்மை 12 செ.மீ.ன்னா 430-ஐ 12-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 36. இனி இந்த 36-ஐயே வச்சுப் பேசுவோம். ஹாட் வீல்ஸ் காருங்க பொதுவா 1:64 பக்கம் இருக்கும், ஆனா அதுல வர்ற லாரி, பஸ்ஸெல்லாம் பெட்டியில அடங்கணும்னு இஷ்டத்துக்கு சுருக்கியிருப்பாங்க, அதனால அளந்து பார்க்காம நம்பாதீங்க, முக்கியமா காரையும் லாரியையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தப் போறீங்கன்னா.

இப்போ உயரம். பொம்மையை ஒரு பலகை மேல நிறுத்தி, பின்னாடி நிஜ ரோடு தெரியுற மாதிரி எடுக்கப் போறோம். ஒரு ஆள் ரோட்ல நின்னு கழுத்து மட்டத்துல கேமராவைப் பிடிச்சு எடுக்குறான்னு வைங்க, அது தரையில இருந்து சுமார் 140 செ.மீ. நம்ம படமும் அப்படி எடுத்த மாதிரி தெரியணும்னா கேமரா ரெண்டு தரைக்கு மேல ஒரே நேரத்துல சரியான உயரத்துல இருக்கணும். நிஜ ரோட்டுக்கு மேல 140 செ.மீ., பொம்மை நிக்கிற பலகைக்கு மேல 140-ஐ 36-ஆல வகுத்தது, அதாவது 4 செ.மீ.க்கு ஒரு பொட்டு கம்மி. அப்படின்னா பலகையே தரையில இருந்து 136 செ.மீ. உயரத்துல இருக்கணும். தரையில வச்சு எடுக்குறவங்க படம் ஏன் கெட்டுப்போகுதுன்னா அங்க கேமரா ரெண்டு தரைக்குமே 4 செ.மீ. உயரத்துலதான் இருக்கு, பொம்மைக்கு அது மனுஷன் பார்வை, பின்னாடி இருக்குற தெருவுக்கு அது எலி பார்வை.

136 செ.மீ.க்கு எங்க போறதுன்னா, மதில் சுவர் இருந்தா அதுவே போதும், இல்லைன்னா தண்ணி டிரம் மேல ஸ்டூலு, அதுக்கு மேல பலகைன்னு ஏத்திக்கலாம், ஆனா ஆடாம இருக்கணும். இதெல்லாம் முடியாது வீட்ல 75 செ.மீ. மேஜைதான் இருக்குன்னாலும் பரவாயில்ல. லென்ஸ் பலகைக்கு மேல எவ்வளவு இருக்கணும்னா, பலகையோட உயரத்தை மடங்குல ஒண்ணு கம்மி பண்ணி வகுக்கணும். 75-ஐ 35-ஆல வகுத்தா 2 செ.மீ.க்கு கொஞ்சம் மேல. யாரோ குனிஞ்சு எடுத்த மாதிரி ஒரு படம் வரும், அதுவும் நல்லாத்தான் இருக்கும். 136-ஐ 35-ஆல வகுத்துப் பாருங்க, மேல சொன்ன அதே 4 செ.மீ.க்கு ஒரு பொட்டு கம்மிதான் வரும், அதனால கணக்கு மறந்துபோனாலும் இந்த ஒரு வகுத்தல் போதும்.

2 செ.மீ., 4 செ.மீ. உயரத்துல லென்ஸை எப்படிக் கொண்டுவர்றதுன்னு கேப்பீங்க. போனைத் தலைகீழா பிடிங்க. லென்ஸ் போனோட மேல் முனையில இருக்குறதால தலைகீழாக்குனா அது பலகையை ஒட்டி வந்துடும். படம் தானா நேராத்தான் விழும், விழலைன்னா கேலரியில திருப்பிக்கலாம். போனை கையில பிடிக்காதீங்க, ஒரு செங்கலுக்கு முட்டுக் கொடுத்து வச்சுட்டு டைமர் போட்டு எடுங்க, ஏன்னா இந்த வேலையில 1 செ.மீ. ஆடுனா நிஜ உலகத்துல 36 செ.மீ. ஆடுன மாதிரி. பலகையும் சமமா இருக்கணும், கொத்தனார்கிட்ட ரசமட்டம் இருந்தா வாங்கி வச்சுப் பாருங்க, இல்லைன்னா போன்லயே லெவல் ஆப் இருக்கு.

சரியா வந்துருச்சான்னு பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கு. பின்னாடி தெருவுல தூரத்துல ஒரு ஆளை நிக்க வைங்க. கேமரா 140 செ.மீ.ல இருந்தா அந்த ஆளோட கழுத்தும், பொம்மை அம்பாசடரோட கூரைக்குக் கொஞ்சம் கீழ இருக்குற கண்ணாடி மட்டமும் படத்துல ஒரே கோட்டுல வரணும், ஏன்னா நிஜ அம்பாசடர் உயரம் 1.6 மீட்டர். ஆள் அம்பதடி பின்னாடி போனாலும் கழுத்து அதே கோட்டுலதான் இருக்கும், வேணும்னா நடக்க விட்டுப் பாருங்க. கோடு மேல கீழ போச்சுன்னா லென்ஸ் உயரத்தைத்தான் மாத்தணும், காரை முன்ன பின்ன நகர்த்துறதால ஒண்ணும் ஆகாது.

அடுத்த சிக்கல் பலகையோட பின் விளிம்பு. பலகை கீழ இருக்குற நிஜ ரோட்டை மறைக்கும் இல்லையா, எவ்வளவு தூரம் வரைக்கும் மறைக்கும்? அதே கணக்குதான். கேமராவுல இருந்து விளிம்பு 60 செ.மீ.ன்னா அது 36 மடங்கு, 21.6 மீட்டர் வரைக்கும் இருக்குற தரையை முழுங்கிடும். அதுக்கு அந்தப் பக்கம் இருக்குற ரோடுதான் பலகையோட வந்து ஒட்டும். அதனால பின்னாடி வர்ற வீடு, மரம், மனுஷன் எல்லாமே 22 மீட்டருக்கு அப்பால இருக்கணும், 10 மீட்டர்ல ஒரு பைக் நின்னா அதோட டயர் பலகைக்குள்ள புதைஞ்சு போய் குட்டு உடைஞ்சிரும். குறுகலான சந்துல இது ஆகாதுன்னு சொல்றது இதனாலதான், ஸ்கூல் கிரவுண்டு, அகலமான காலி ரோடு, ஏரிக்கரை இப்படி எங்கயாவது போங்க. காரை கேமராவுல இருந்து 40 செ.மீ.ல வச்சா அது 14 மீட்டர் தள்ளி நிக்கிற நிஜ கார் மாதிரி இருக்கும்.

பலகைக்கு 2 அடிக்கு 3 அடி ப்ளைவுட் துண்டு போதும், 3 அடி பக்கம் குறுக்கால இருக்கட்டும், போனோட மெயின் கேமராவுக்கு ரெண்டு ஓரமும் தெரியாது. பின் விளிம்பை மறைக்க சலிச்ச மண்ணைக் கொஞ்சம் ஒழுங்கில்லாம தூவி விடுங்க. தெர்மாகோல்ல ஒரு குட்டி பிளாட்பாரம் வெட்டி வச்சா இன்னும் நல்லது, பிளாட்பாரம்னா அங்க ஒரு கோடு இருக்கத்தான் செய்யும்னு பார்க்குறவங்க மனசு தானா ஏத்துக்கும்.

இப்போ ஃபோகஸ். எல்லாரும் போர்ட்ரெய்ட் மோடு போட்டு பின்னாடி மங்கலாக்குனா அழகுன்னு நினைக்குறாங்க, இங்க அதுதான் விஷம். நிஜ காரை 14 மீட்டர்ல வச்சு எடுத்தா பின்னாடி இருக்குற வீடு அவ்வளவு மங்காது, மங்குச்சுன்னா "ஓ இது பக்கத்துல இருக்குற சின்னப் பொருள்"னு கண்ணு உடனே கண்டுபிடிச்சிரும். அதனால முன்னாடி பின்னாடி ரெண்டும் தெளிவா இருக்கணும், அதுக்கு லென்ஸோட ஓட்டை சின்னதா இருக்கணும். புது விலையுயர்ந்த போன்ல சென்சார் பெருசு, ஓட்டையும் பெருசு, அதனால 40 செ.மீ.ல காரை ஃபோகஸ் பண்ணா தெரு மங்கிடும். டிராயர்ல தூங்குற பழைய போன் இந்த விஷயத்துல கெட்டிக்காரன். ஸ்மித்தோட சின்ன கேமரா அவருக்கு உதவுனது இப்படித்தான்.

புது போன்தான் இருக்குன்னா அல்ட்ரா வைடுக்கு மாறுங்க, அதோட ஓட்டை மெயின் கேமராவைவிட ரொம்பச் சின்னது. ஆனா அது பலகையோட ரெண்டு ஓரத்தையும் காட்டிடும், க்ராப் பண்ணிக்கலாம். காரை நடுவுல வைங்க, ஓரத்துக்குப் போனா இழுத்த மாதிரி நீண்டுடும். கிட்டப் போனதும் சில போன் தானா மேக்ரோவுக்குத் (ரொம்பக் கிட்ட எடுக்குற மோடுக்கு) தாவும், அதை செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிடுங்க. டிஎஸ்எல்ஆர் வச்சிருக்குறவங்க சாதாரண கிட் லென்ஸ்ல 18 எம்எம், அபர்ச்சர் எஃப் 16, ஃபோகஸை காரு மேல வைக்காம 1 மீட்டர்ல வைங்க, அரை மீட்டர்ல இருந்து அடிவானம் வரைக்கும் தெளிவா வரும், அதுக்கேத்த மாதிரி காரை 60 செ.மீ.க்கும் விளிம்பை 90 செ.மீ.க்கும் தள்ளிக்குங்க, அதுக்கு மேல சொன்னதைவிடப் பெரிய பலகை வேணும். விளிம்பு தள்ளிப்போனா பின்னணியும் 32 மீட்டருக்கு மேல போகணும்ங்கிறதை மறந்துடாதீங்க. எஃப் 22 வரைக்கும் போக வேண்டாம், படமே கூர்மை இல்லாம மழுங்கிப் போகும்.

ரோடு செய்ய ஹார்டுவேர் கடையில கருப்பு உப்புத்தாள் கேளுங்க. 1:24, 1:36 காருக்கு 80 நம்பர், ஹாட் வீல்ஸுக்கு 120, 150 மாதிரி நைஸா. புதுசா அப்படியே வச்சா கன்னங்கரேல்னு இருக்கும், நம்ம ஊர் தார் ரோடு எது அப்படி இருக்கு, சாம்பலையோ முகப் பவுடரையோ தட்டித் துடைச்சா சரியா வெளுக்கும். மண் ரோடு வேணும்னா மண்ணை டீ வடிகட்டியில சலிங்க, ஒரு சின்ன ஜல்லி மாட்டுனாலும் அது பாறாங்கல்லு. எறும்பையும் பார்த்துக்குங்க, அது ரோட்டைக் கடந்தா படத்துல பெருச்சாளி. மழை பெய்ஞ்ச ரோடு மாதிரி தண்ணி தெளிக்கிற ஆசையை விட்டுடுங்க, துளியை 36 மடங்கு சின்னதாக்க யாராலயும் முடியாது. பொம்மையோட பளபளப்பைக் குறைக்க அதே பவுடரை டயர்லயும் கீழ்ப்பக்கமும் பூசுங்க, முன் சக்கரம் திரும்பும்னா லேசா திருப்பி விடுங்க.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை சூரியன் இலவசமா பாதி வேலையைச் செஞ்சு குடுக்குது, பொம்மைக்கும் தெருவுக்கும் ஒரே பக்கம் நிழல் விழும். பலகை நிழல்லயும் தெரு வெயில்லயும் இருக்கக்கூடாது, அது ஒண்ணுதான் கண்டிஷன். மரத்தடியும் வேண்டாம், ஒரு மாவிலை நிழல் விழுந்தா காரு பூராவும் மூடிப்போகும். வெயில் பக்கவாட்டுல வர்ற காலை, சாயங்கால நேரம்தான் என் சாய்ஸ், முதுகுப் பக்கம் வெயில்னா போனோட நிழலே ரோட்ல விழுது. ஃபிளாஷ் கிட்டயே போகாதீங்க.

இதையே திருப்பிப் போட்டா எல்லாரும் எடுக்குற உள்ளங்கை போட்டோ. 165 செ.மீ. ஆள் கையில 15 செ.மீ. பொம்மையா நிக்கணும்னா 11 மடங்கு, கை 60 செ.மீ.ல இருந்தா ஆள் 6.6 மீட்டர்ல. அங்க உயரக் கணக்கெல்லாம் தேவையில்ல, அவர் செருப்பும் உள்ளங்கையும் படத்துல தொட்டா போதும், அதனால கேமராவைக் கீழ இறக்கி, காலுக்குப் பின்னாடி தரை அதிகம் தெரியாம பார்த்துக்குங்க. பொலிவியாவுல இருக்குற சலார் தே உயுனி உப்புவெளியில இந்த மாதிரி படம் எடுக்கவே கூட்டம் போறது ஏன்னா, 10,000 சதுர கி.மீ.க்கு மேல வெறும் வெள்ளைத் தரை, தூரத்தைக் காட்டிக்குடுக்க பெரும்பாலான இடத்துல எதுவுமே இல்ல. ஈரம் இல்லாத மாசத்துல போகணும், தண்ணி நின்னா கண்ணாடி மாதிரி ஆகி காலடியில பிம்பம் விழுந்து காட்டிக்குடுத்துரும்.

நிலாவைக் கையில பிடிக்கிறவங்களுக்கு ஒரு நம்பர் போதும், 110. நிலா நம்மகிட்ட இருந்து அதோட அகலத்தைப் போல சுமார் 110 மடங்கு தூரத்துல இருக்கு. அதனால எந்தப் பொருளையும் அதோட உயரத்தைப் போல 110 மடங்கு தூரத்துல நிறுத்துனா அது நிலா அளவுக்கே தெரியும், ஆள்னா 180 மீட்டர், திருவண்ணாமலை ராஜகோபுரம் மாதிரி 66 மீட்டர்னா 7 கி.மீ.க்கு மேல தள்ளிப் போய் நீளமான ஜூம் லென்ஸ்ல எடுக்கணும். சூரியனுக்கும் கிட்டத்தட்ட இதே நம்பர்தான், ஆனா டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டர்ல கண்ணை வச்சு சூரியனைப் பார்க்காதீங்க, ஸ்க்ரீன்ல பாருங்க.

கார் படம் முடிச்சதும் செட்டப்பைக் கலைக்கிறதுக்கு முன்னாடி நாலு அடி தள்ளி நின்னு டிரம்மு, ஸ்டூலு, செங்கல்லு எல்லாம் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. நல்லா வந்துச்சுன்னா "இது ஏஐ தானே"ன்னு கேட்க நாலு பேர் கண்டிப்பா வருவாங்க, அப்போ இதை எடுத்துப் போடலாம்.