ஆம்புலன்ஸிலிருந்து பேரிடர் மேலாண்மைக்கு: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு மருத்துவமனையில் மாக் டிரில், அதாவது பேரிடர் ஒத்திகை, நடத்தப் போயிருந்தேன். முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை பார்க்கும் மூன்று இ.எம்.டி. தம்பிகள் வந்து நின்றார்கள். ஆம்புலன்ஸில் ஐந்தாறு வருடம் ஓடியாயிற்று, ஸ்ட்ரெச்சர் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது, பேரிடர் மேலாண்மைப் பக்கம் வரலாமா அண்ணா என்று கேட்டார்கள். தாராளமாக வரலாம். ஆனால் பேசப் பேச, நான் அந்த வயதில் செய்த தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்துகொண்டிருப்பது தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலம் பழகு, நேர்காணலுக்கு நேரத்துக்குப் போ என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிகிச்சை தெரிந்தால் போதும் என்று நினைப்பது

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பேரிடர் மேலாண்மை என்றால் என்னென்ன என்று தொடக்கத்திலேயே எட்டு வேலைகளைச் சொல்கிறது. ஆபத்தைத் தடுப்பது, பாதிப்பைக் குறைப்பது, திறன் வளர்ப்பது, தயார்நிலை, உடனடி நடவடிக்கை, பாதிப்பை மதிப்பிடுவது, மீட்பும் நிவாரணமும், கடைசியில் மறுவாழ்வு. ஆம்புலன்ஸில் இருந்த நமக்கு இதில் இரண்டு மூன்றுதான் பழக்கம். மற்றதெல்லாம் சைரன் இல்லாத வேலை. வரைபடம், ஃபோன் நம்பர் பட்டியல், டீசல் கணக்கு, கூட்டக் குறிப்பு.

என் முதல் டிரில்லில் என்னை டிரையாஜ் பொறுப்பில், அதாவது யாருக்கு முதலில் சிகிச்சை என்று காயம்பட்டவர்களைப் பிரிக்கும் பொறுப்பில், நிறுத்தினார்கள். அப்படிப் பிரிப்பதற்கான ஸ்டார்ட் என்ற முறை எனக்கு மனப்பாடம். நடக்க முடிந்தவர்களுக்குப் பச்சை. மற்றவர்களிடம், நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறாரா, நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் ரத்தம் திரும்புகிறதா, சொன்னதைச் செய்கிறாரா என்று பார்த்து, ஒரு நிமிடத்துக்குள் கலர் டேக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். மூன்றாவதாகக் கிடந்தவர், கால் முறிந்ததாக நடித்த ஒரு நர்சிங் மாணவர். நான் அவர் பக்கத்தில் மண்டி போட்டு ஸ்பிளின்ட் கட்ட ஆரம்பித்துவிட்டேன். நன்றாகவே கட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் பதினொரு பேர் டேக் இல்லாமல் கிடக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு, உடனே சிகிச்சை வேண்டும் என்று சொல்லும் சிவப்பு டேக் கட்டியிருக்க வேண்டும்.

கை தானாகப் போகும். ஐந்து வருடப் பழக்கம் அப்படி. இந்தத் துறைக்கு வர வேண்டுமென்றால் அந்தக் கையைக் கட்டிப்போடப் பழக வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட ஐ.ஆர்.எஸ். வழிகாட்டியையும் படியுங்கள். பேரிடர் நேரத்தில் யார் யாருக்குக் கீழே, யாருக்கு என்ன வேலை என்று சொல்வது அது. மாவட்ட அளவில் கலெக்டர்தான் பொறுப்பு அலுவலர். அவருக்குக் கீழே களத் தளபதி, அவருக்குக் கீழே செயல்பாடு, திட்டமிடல், தளவாடம் என்று மூன்று பிரிவுகள். அதில் மெடிக்கல் யூனிட் என்பது தளவாடத்தின் கீழ் வருகிறது. களத்தில் வேலை செய்பவர்களின் உடல்நலத்தைப் பார்ப்பது அதன் பொறுப்பு. காயம்பட்ட மக்களுக்கான யூனிட் என்று நினைத்துக்கொண்டு நேர்காணலில் பதில் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எழுதி வைக்காதது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இன்றுவரை எனக்கு மனசு ஆறாத தவறு இது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அப்போது டெல்டாவில் ஒரு மருத்துவமனை ஆம்புலன்ஸில் இருந்தேன். சாலையெல்லாம் மரம். தென்னை, புளி, மின்கம்பம் எல்லாம் குறுக்கே. பைலட் அண்ணனும் (வண்டி ஓட்டுநரை அப்படித்தான் கூப்பிடுவோம்) நானும் அரிவாளும் கயிறும் வைத்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினோம். வீட்டுக்குப் போகாமல் நாட்கணக்கில் வண்டியிலேயே படுத்தோம். அந்த நாட்களில் வந்த அழைப்புகளில் புயல் காயங்களைவிட வேறு விஷயங்கள்தான் அதிகம் என்று எனக்கு நினைவு. கரண்ட் இல்லாததால் வீட்டில் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் நின்றுபோன பெரியவர்கள். டயாலிசிஸ் நாள் தவறியவர்கள். பிரசவ வலி. ஓடு மாற்றக் கூரையில் ஏறி விழுந்தவர்கள். பாம்புக்கடி.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தில் அவசரகாலத் தயார்நிலை ஒருங்கிணைப்பாளர் பணிக்கு நேர்காணல். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற அதிகாரி. என் விண்ணப்பத்தில் கஜா என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"முதல் மூன்று நாளில் எத்தனை அழைப்பு?"

தெரியவில்லை.

"அதில் டயாலிசிஸ் கேஸ் எத்தனை?"

நிறைய சார் என்றேன்.

"டீசல் எப்போது தீர்ந்தது? எங்கே நிரப்பினீர்கள்? அந்த முடிவை யார் எடுத்தார்கள்?"

ரொம்பக் கஷ்டப்பட்டோம் சார் என்றேன். அவர் ஏளனமாகப் பார்க்கவில்லை. வருத்தப்பட்டார். "தம்பி, இந்த மூன்று எண்ணும் இருந்திருந்தால் அடுத்த புயலுக்கு எங்கள் திட்டத்தையே நீங்கள் எழுதியிருக்கலாம்" என்றார். வேலை கிடைக்கவில்லை. அடுத்த வாய்ப்பு வர இரண்டு வருடம் ஆயிற்று.

கிடைக்காமல் போன வேலையை நான் எப்போதோ விட்டுவிட்டேன். வாழ்க்கையில் ஒரு தடவை கிடைத்த தகவல் அது. கரண்ட் இல்லாத கிராமத்தில் யார் முதலில் சாவின் விளிம்புக்குப் போகிறார்கள் என்று என் கண் முன்னால் நடந்தது. அதைக் காகிதத்தில் பிடித்து வைக்க நாற்பது பக்க நோட்டு ஒன்று போதுமாயிருந்தது. நான் செய்யவில்லை. புயலுக்கு முன்பே பிரசவ தேதி நெருங்கிய பெண்களைக் கண்டறிந்து மருத்துவமனையில் சேர்ப்பதைத் தமிழ்நாட்டில் நல்ல பழக்கமாகக் கொண்டிருக்கிறோம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்களுக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும் என்று வாதாட எண்கள்தான் தேவைப்படுகின்றன. உணர்ச்சியாகப் பேசினால் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

அதற்கப்புறம் நோட்டு வைத்தேன். அதிலிருந்து ஒரு பதிவு இது:

காலை 5.40 அழைப்பு. 6.05 இடம். வேன் கவிழ்ந்தது, 14 பேர். சிவப்பு 2, மஞ்சள் 4, பச்சை 8. வந்த மூன்று ஆம்புலன்ஸும் ஒரே மருத்துவமனைக்குப் போயின. அங்கே கேஷுவாலிட்டியில் காலி ஸ்ட்ரெச்சர் 3. தாலுகா மருத்துவமனைக்கு யாரும் ஃபோன் செய்யவில்லை. நான் உட்பட.

அவ்வளவுதான். நோயாளியின் பெயர், ஊர், வண்டி எண் எதுவும் வேண்டாம். நோயாளியின் விவரமும் சிகிச்சையும் எழுதும் பி.சி.ஆர். ஃபாரத்தை நகல் எடுக்கக் கூடாது, அது உங்கள் சொத்து அல்ல. நேரம், எத்தனை பேர், எந்தெந்தத் துறை வந்தது, யார் முடிவெடுத்தது, எங்கே சிக்கியது. இந்த ஐந்து போதும். ஷிஃப்ட் முடிந்து வண்டியைக் கழுவும்போது ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் எழுத மாட்டீர்கள்.

அந்த மூன்று தம்பிகளில் ஒருவர் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தின்போது சென்னையில் வேலை செய்தவர். படகில் நோயாளியை இறக்கியிருக்கிறார். என்ன பதிவு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். ஃபோனை எடுத்து வாட்ஸ்அப் படங்களைக் காட்டினார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் மேல் அல்ல. இதை அவருக்கு யாருமே சொல்லித் தரவில்லையே என்றுதான்.

நோயாளியின் முகம் தெரியும் படத்தை அனுபவமாகக் காட்டுவது

எடுக்காதீர்கள். இருந்தால் அழித்துவிடுங்கள்.

அடிப்படைப் பட்டம் இல்லாமல் அடுத்த படிப்புக்குப் பணம் கட்டுவது

பிளஸ் டூ முடித்து ஒரு வருட, இரண்டு வருட டிப்ளமோவோடு வண்டியில் ஏறியவர்கள் நம்மில் அதிகம். அவர்கள் நேராகப் பேரிடர் மேலாண்மை முதுநிலைப் பட்டயத்துக்குப் போக முடியாது. இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயத்தில் சேர ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் வேண்டும். எந்தப் பாடமாக இருந்தாலும் சரி. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் முதுகலைக்கும் அப்படித்தான். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. இருக்கிறது. இனிமேல்தான் சேரப் போகிறீர்கள் என்றால் டிப்ளமோவைவிட அதுவே மேல்.

தொலைதூரக் கல்வி என்றால், பணம் கட்டும் முன் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பட்டியலில் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் காட்டும் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். என் நண்பர் ஒருவர் பட்டியலில் இல்லாத ஒரு படிப்புக்கு மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டினார். சான்றிதழ் பளபளவென்று வந்தது. நேர்காணலுக்கு முந்தைய சரிபார்ப்பிலேயே தள்ளிவிட்டார்கள்.

வேலையை விட்டுவிட்டுப் படிப்பது

வேண்டாம்.

அரசு வேலை ஒன்றையே வாசலாக நினைப்பது

மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கலெக்டர்தான் தலைவர். அந்த அலுவலக வேலைகளைப் பெரும்பாலும் வருவாய்த் துறையினர் பார்க்கிறார்கள். வெளியிலிருந்து எடுக்கும் ஒப்பந்தப் பணியிடங்கள் குறைவு. அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள், ஆனால் அதையே பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

தொழிற்சாலைப் பக்கம் பாருங்கள். போபாலுக்கு அப்புறம், 1989இல் வந்த அபாயகர இரசாயன விதிகளின்படி, பெரிய அளவில் ஆபத்தான இரசாயனம் வைத்திருக்கும் ஆலைகள் ஆலைக்குள் அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாக் டிரில் நடத்த வேண்டும். மணலி, கடலூர் சிப்காட், தூத்துக்குடி என்று நம் ஊரிலேயே அதற்கு இடம் இருக்கிறது. விமான நிலையங்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு அளவு ஒத்திகை உண்டு. பெரிய மருத்துவமனைகளுக்குத் தரச் சான்றுக்காகவே பேரிடர் திட்டமும் டிரில்லும் தேவை. அந்த வேலையை நர்சிங் சூப்பரின்டென்டென்ட் தலையில் கட்டியிருப்பார்கள். நீங்கள் போய்க் கை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லவே மாட்டார். நான் அப்படித்தான் உள்ளே நுழைந்தேன்.

கையெழுத்து வாங்காமல் விலகுவது

நான் விலகியபோது தந்த சான்றிதழில் பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடத்தை நன்று. ஐந்தே வரி. பிறகு கேட்கப் போனால் அந்த மேலாளரே மாறிவிட்டார். அதனால் கடைசி வாரத்தில் நீங்களே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை டிரில்லில் என்ன பொறுப்பு, எந்தப் பேரிடரில் எத்தனை நாள், புதியவர்கள் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள். நோட்டு இருந்தால் அரை மணி நேர வேலை. லெட்டர்ஹெட்டில் அடித்துக் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுப்பது அதற்கு அப்புறம்.