அயர்லாந்து நாட்டார் கதைப் படத்தைக் குழந்தைகளுடன் பார்க்கும் முறை

அயர்லாந்து நாட்டார் கதைகளைத் தழுவிய குடும்பத் தொலைக்காட்சிப் படம் ஒன்றைத் தொடங்குமுன், லெப்ரகான் யார் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அவர் தனித்து வாழும் குள்ள மாய மனிதர். காலணி தைப்பது அவருடைய தொழில். பிடிபட்டாலும், பிடித்தவர் பார்வையைச் சற்றே விலக்கினால் மறைந்துவிடுவார். பழைய கதைகளில் அவருடைய சட்டை பெரும்பாலும் சிவப்பு. இன்று திரையில் காணும் பச்சை நிறம் பின்னர் வந்தது. குமரி மாவட்டப் பிள்ளைகளுக்குக் குட்டிச்சாத்தான் கதை பழக்கமானதால் அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது, ஏனெனில் மந்திரவாதியின் ஏவலுக்குப் பணிவது குட்டிச்சாத்தான், லெப்ரகானோ எவருக்கும் கட்டுப்படாதவர்.

வானவில்லின் அடியில் லெப்ரகான் ஒளித்து வைத்ததாகக் கதைகள் சொல்லும் தங்கம் நிறைந்த பானையை நேரில் விளக்குவதே எனக்கு மிகவும் பிடித்த வழி. மாலை மழை விட்டு மேற்கே வெயில் அடிக்கும்போது, நாகர்கோவில் மொட்டைமாடியிலிருந்து கிழக்கே எழும் வானவில்லைக் காட்டுங்கள். நாம் நகர நகர அதுவும் நகர்வதால், அதன் அடியை எவராலும் எட்ட முடியாது என்பது அவர்களுக்கே புரியும்.

மரணத்தை முன்னறிவித்து ஓலமிடும் பெண் ஆவியான பான்ஷி வரும் காட்சி சிறுவர்களை அச்சுறுத்தக்கூடும். வில்லுப்பாட்டில் கேட்ட இசக்கியைப் போல் அவள் பழிவாங்க வருபவள் அல்லள், ஒரு குடும்பத்துக்காக அழுபவள் என்பதை முன்கூட்டியே சொல்லி, படத்தைப் பகலில் போடுங்கள்.